மருந்துச் சீட்டுக்குப் பிறகு ஒரு கேள்வி

மருந்துச் சீட்டை எழுதி முடித்து, பேனாவை மூடிய பிறகுதான் டாக்டரம்மா கேட்பார்: "அப்புறம், வீட்டுக்காரரோட சேரும்போது வலிக்குதா?" சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற அதே குரல். ரத்த அழுத்தம் பார்க்கப் போனாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

எங்கள் தெருப் பெண்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'வெட்கங்கெட்ட டாக்டர்'. திட்டிக்கொண்டே அவரிடம்தான் போகிறோம். பெரும்பாலும் அவருக்கு ஒரு காதில்தான் தோடு இருக்கும்; இன்னொன்றைத் தொலைபேசிக்காகக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடுவார்.

மேசைமேல், சிவப்பு வெல்வெட்டில் விளக்கிக் காட்டுவதற்காக அவரே தைத்துப் பஞ்சடைத்த பெண்ணுறுப்பு ஒன்று இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்த ஆயாம்மா, மேசையைத் துடைக்கிற சுறுசுறுப்பில், சிதறிக் கிடந்த குண்டூசிகளையெல்லாம் அதில் அழகாகக் குத்தி வைத்துவிட்டார். டாக்டர் பதறிப்போய்ப் பிடுங்கினார். "ஐயோ, இருக்கறதிலேயே உணர்ச்சி அதிகமான இடம்மா அது!"

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்த பிறகு, கணவர் பக்கத்தில் படுக்கவே எனக்குப் பயம். உயிர் போகிற வலி. குறட்டையைச் சாக்குச் சொல்லி அடுத்த அறைக்குப் போய்விட்டேன். எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் நினைத்தார். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கதவைப் பூட்டியாயிற்றா, விளக்கை அணைத்தாயிற்றா என்பதற்கு மேல் வீட்டில் பேச்சில்லை.

ஒரு நாள் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் சொல்ல வைத்தார்.

"மனசு மேல பழி போடாதீங்க. சினைப்பை போனா ஈஸ்ட்ரோஜன் கொறைஞ்சிடும். உள்தோல் மெலிஞ்சு காஞ்சு போயிடும், வலிக்கத்தான் செய்யும். வலிக்கிற எடத்துல ஆசை எப்படி வரும்? இதுக்கு க்ரீம் இருக்கு."

பிறகு என் கணவரையும் உள்ளே கூப்பிட்டு, வெல்வெட்டைக் கையில் கொடுத்தார். "பொண்ணுக்கு சுகம் தர்ற உறுப்புல வெளியில தெரியறது இந்த மொட்டு மட்டும்தான். மிச்சமெல்லாம் உள்ள ரெண்டு பக்கமும் போகுது பாருங்க. பொறுமையா இருக்கணும்."

கணவர் காது மடல் சிவக்க மின்விசிறியைப் பார்த்தார்.

"ஃபேன்ல ஒண்ணும் எழுதல. இங்க பாருங்க."

சில மாதம் கழித்துப் போனேன். என் கணவரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் அவர். வழியெல்லாம் நன்றி சொல்ல வார்த்தை தேடினேன். உள்ளே போனதும், "இப்ப வலிக்கல டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போலச் சிரித்தேன்.

டாக்டர் எழுந்து வந்து, பரீட்சையில் தேறியவளைப் பாராட்டுவதுபோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் விறுவிறுவென்று வெளியே போய், செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் கணவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார்.