மளிகைக் கடை நம்பரும் ஒரு குக்கரும்

பில் போடும் இடங்களில் நான் என் எண்ணைத் தருவதில்லை. எங்கள் தெரு மளிகைக் கடை எண்ணைத்தான் சொல்வேன். முழுக்க ஏழும் எட்டுமாக வரும், மறக்கவே மறக்காது.

இன்று சங்ககிரியில் ஒரு ஜவுளிக் கடையிலும் அதையே சொன்னேன்.

"இந்த நம்பர்ல ஒரு குக்கருக்கே பாயிண்ட் சேர்ந்திருக்குதுங்க. வாங்கிக்கறீங்களா?" என்றாள் பில் போடும் பெண்.

"ஏனுங்க, அதுல நானுஞ் சேர்த்திருக்கேன்!" என்றார் எனக்குப் பின்னால் நின்ற எங்கள் தெருக்காரர்.

"நானுந்தானுங்க!" என்றார் அவருக்கும் பின்னால் நின்றவர்.

"ஓடிபி யாரு போனுக்கு வருதோ, அவங்களுக்குத்தானுங்க குக்கர்."

வரிசையின் கடைசியில் ஒரு போன் சிணுங்கியது. கடைப் போனும் கையுமாக மளிகைக் கடைக்கார அக்கா!

குக்கரை இடுக்கிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னார்: "அடுத்து மிக்சி வேணுமுங்க சாமி. நம்பர மாத்திச் சொல்லிப்போடாதீங்க."

நீங்களெல்லாம் யாருக்கு மிக்சி சேர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?