பிரேக்ஸ்மேன் வேடிக்கை பார்க்கப் போன கதை

மலை ரயிலில் பிரேக்ஸ்மேன் வேலை என்பது, ஊரே வேடிக்கை பார்க்க வரும் இடத்தில் தண்டவாளத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கும் வேலை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் எங்களில் ஒருவன் நிற்பான். இறக்கத்தில் எஞ்சின் விசில் கொடுத்தால் அவனவன் பெட்டிக்கு அவனவன் கையால் பிரேக்கை முறுக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் அருவியைப் பார்த்து 'ஓ'வென்று கத்துவார்கள். நமக்குத் தெரிவது ஜல்லிதான். ஊட்டி லாட்ஜ்காரர்களே, பஸ் கண்டக்டர்களே, படகுத்துறையில் சோளம் சுடுகிறவர்களே, அடுத்தவர் லீவில் உழைக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இது விளங்கும்.

இந்தத் துணுக்குகளை நான் சேர்த்தது என் மனைவி சரோஜாவுக்காக. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் அவள். போன மழைக்காலத்தில் கொழுந்துப் பையோடு சரிவில் உருண்டு காலை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது, நன்றாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு வாசலிலிருந்து பாதைக்கு இறங்கும் படிகளைப் பார்த்தாலே அவளுக்கு உடம்பு உதறும். வாசலைத் தாண்டுவதில்லை. சிரிப்பும் போய்விட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டூட்டி முடிந்து வந்ததும் ரயிலில் நடந்ததில் ஒன்றை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

எஞ்சினைக் காணோம்

மேட்டுப்பாளையத்தில் ஒரு கோயமுத்தூர்க்காரர் குடும்பத்தோடு ஓடி வந்து முதல் பெட்டியில் இடம் பிடித்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புகையைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை. உட்கார்ந்து எட்டிப் பார்த்தால் முன்னால் எஞ்சினே இல்லை, நான்தான் நிற்கிறேன். பதறிப்போய்விட்டார். "ஏனுங்க, எஞ்சின் மாட்ட மறந்துட்டாங்களா?" என்றார்.

ஏற்றத்தில் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும், பாதையில் யானையோ கல்லோ கிடந்தால் முன்னால் நிற்கிற நான் சிவப்புக் கொடி காட்டுவேன் என்று விளக்கினேன். அவர் என்னையும் என் கையிலிருந்த கொடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படீன்னா கண்ணைக் கிண்ணைச் சிமிட்டிப் போடாதீங்க தம்பி."

கடைக்கு லீவு

கண் சிமிட்டாத கதைக்கு சரோஜாவின் உதடு லேசாகக் கோணியது. தெம்பு வந்து மறுநாளும் ஒன்று கொண்டுபோனேன்.

ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கையில் சாமான் எதுவும் இல்லாமல் ரயிலேறினார். லவ்டேல் தாண்டி, கேத்திப் பள்ளத்தாக்கு விரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். குன்னூரில் இறங்கி ஒரு டீ குடித்தார். அடுத்த ரயிலில் ஊட்டிக்கே திரும்ப ஏறினார். "யாரைப் பார்க்க வந்தீங்க பாய்?" என்று கேட்டேன். "யாரையும் இல்ல. வர்றவங்களுக்கெல்லாம் எங்கே போகணும், எதைப் பார்க்கணும்னு கடையில உக்காந்தே வழி சொல்லிட்டு இருக்கேன். சொன்னதெல்லாம் நெசம்தானான்னு இன்னிக்குத்தான் பார்க்க வந்தேன்."

பயந்தவர்களுக்கான வேலை

பாயின் கதையைக் கேட்டு சரோஜா சிரிக்கவில்லை. "கேத்தி அவ்வளவு அழகாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். நான் பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வாரமே, கீழே இறங்கும் ரயிலில் ஒரு திருச்சிப் பெண்மணி குன்னூர் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றுகொண்டார். ஏறும்போது தெரியாத பள்ளம் இறங்கும்போது தெரிகிறதாம். கணவர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார், அம்மா மசியவில்லை. நான் போய், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி பிரேக், அதற்குத் தனித்தனி ஆள் என்று சொன்னேன். "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றார். "இருக்குதுங்க. பயம் இருக்கறதாலதான் விசில் கேட்டதும் கை தானா ஓடுது" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். பெட்டியில் ஏறி, என் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அப்ப இந்த ரயில்ல இருக்கறதுலேயே ரெண்டாவது நல்ல பிரேக்ஸ்மேன் நான்தான்!"

படி இறக்கம்

இதற்கு சரோஜா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, "அந்தம்மா மேட்டுப்பாளையம் வரைக்கும் போச்சா?" என்று கேட்டாள். போய், பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் ஒரு டிக்கெட் போடுங்க" என்றாள். எந்த ஊருக்கு என்று கேட்டேன். ஊருக்கெல்லாம் இல்லை, சும்மா பார்க்க என்றாள். என் லீவு நாளில், காலையில் ஊட்டிக்கு ஏறி, மதியம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்கி, பஸ்ஸில் வீடு திரும்புவதாகத் திட்டம்.

ஆனால் முதலில் வாசல் படி இருக்கிறதே! புதுச்சேலை கட்டி மேல்படியில் நின்றவள் அங்கேயே உறைந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பின்னால் போய்த் தள்ளட்டுமா என்றேன். முறைத்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ரயில் போய்விடும் என்று எனக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போது அவளே சொன்னாள்: "நீங்க கீழ போய் நின்னு பச்சைக் கொடியைக் காட்டுங்க. பிரேக்கை நான் பார்த்துக்கிறேன்."

விசில்

ஊட்டி வரை நன்றாகவே போனது. கேத்தியை முதன்முறையாக நானும் பார்த்தேன். பாய் வழி சொன்னதெல்லாம் உண்மைதான்.

திரும்பும்போது குன்னூர் தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும்தான் வினை. எஞ்சின் விசிலடித்தது. என் கை தானாகப் பாய்ந்து பிரேக்கைத் தேடியது, அகப்பட்டதை முறுக்கியது. அடுத்த விசிலுக்கும் அதே கதி. பள்ளத்தாக்கு, பாலம், குகை எதையும் பார்க்காமல் நான் சக்கரச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். முகப்பில் டூட்டியில் இருந்த என் சகா மாரிமுத்து திரும்பிப் பார்த்துவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அண்ணே, இந்தப் பொட்டிக்கு நான் பிரேக் போட்டாச்சு, நீங்க அண்ணி கையை விடுங்க!"

அந்தச் சரிவு

கையை விட்ட பிறகுதான் நாங்கள் எங்கே வந்துவிட்டோம் என்று கவனித்தேன். அடுத்த வளைவில், தண்டவாளத்தை ஒட்டி, அவள் விழுந்த சரிவு வரும். அதை நான் யோசிக்கவே இல்லை. ஜன்னலை மூடலாமா, பேச்சுக் கொடுக்கலாமா என்று தவித்தேன். அதற்குள் வந்துவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வழக்கம்போல ரயிலுக்குக் கை காட்டினார்கள். ஒருத்தி அடையாளம் கண்டு, "சரோசா!" என்று கத்தினாள்.

சரோஜா எழுந்தாள். கால் உதறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் வழக்கமாகக் கொழுந்து எடுக்கும் நிரையையே பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பிச் சீறினாள்: "என் நிரையைப் பார்த்தீங்களா? கொழுந்தெல்லாம் முத்திப்போய் நிக்குது! கங்காணிகிட்டச் சொல்லுங்க, திங்கக்கிழமை கொழுந்தெடுக்க நானே மலைக்கு வாறேன்!"

பிரேக் போடவே சம்பளம் வாங்குகிற ஒருவன் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆளை நகர வைத்தால், அதற்கு மட்டும் ரயில்வேயில் ஓவர்டைம் கிடையாது.