கல்லுப் பிள்ளையிடம் சொன்னது

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோடை. நோர்வேயில், ஒஸ்லோ நகரத்தின் ஹொல்ம்லியா பக்கம் குடியிருந்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து மாமி, அதாவது என் மனைவியின் அம்மா, எங்களோடேயே இருந்துவிடலாம் என்று வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

மாமி பழைய ஆள். மருமகனோடு நேரே கதைக்க மாட்டார். "அப்பாவைச் சாப்பிடச் சொல்லு" என்று என் சின்ன மகனிடம்தான் சொல்லுவார். நானும் பக்கத்தில் நின்றபடியே, "அம்மம்மாவைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லு" என்பேன். சின்னவன்தான் எங்கள் தபால்காரன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமிக்கு நகரத்தின் பெரிய பூங்காவைக் காட்டக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என் மூளைக்கு, அங்கே இருக்கிற சிலைகளுக்கு ஒரு முழத் துணியும் கிடையாது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. பாலத்தின் இரண்டு பக்கமும் அம்மணம்! மழையில்லாத நாளில் குடையை விரித்து ஒரு பக்கத்தை மறைத்தேன். மற்றப் பக்கத்தை முன்னே தள்ளிய என் வயிற்று வண்டி மறைத்தது.

"என்னப்பா, சாமிக்குப் பிடிக்கிற மாதிரிக் குடை பிடிக்கிறியள்? அம்மா அஞ்சு பிள்ளை வளர்த்தவ. அவ காணாததோ?" என்று மனைவி சிரித்தாள்.

பிறகு அவள் பிள்ளைகளோடு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள். மாமி ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார், நான் அடுத்த வாங்கில். தபால்காரன் இல்லை. பகிடி விட்டு ஊரையே சிரிக்க வைக்கிற நான், குடையை மடக்குவதும் விரிப்பதுமாய் இருந்தேன்.

மாமி எழுந்து, அங்கே சிலையாய் நின்ற ஒரு கல்லுப் பிள்ளைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"தம்பி, அப்பாவிட்டைச் சொல்லு. நான் ஊருக்குப் போகப்போறன். நீங்கள் எல்லாரும் வெளிக்கிட்டாப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறன். அப்பா வேலை முடிஞ்சு மத்தியானம் வந்தாலும் அவரோடை என்னத்தைக் கதைக்கிறது? அம்மாவிட்டைச் சொன்னா அழுவாள்."

நானும் எழுந்து அந்தக் கல்லிடம் போனேன்.

"தம்பி, அம்மம்மாவிட்டைச் சொல்லு. அவ வரமுந்தி நான் வேலையால வந்து கதவைத் திறந்தா வீட்டிலை ஒருத்தரும் இல்லை. ரிவிப் பெட்டிக்குத்தான் பகிடி விட்டனான். இப்ப குசினிக்கை ஆரோ கோப்பை கழுவுற சத்தம் கேக்குது. அவ என்னோடை கதைக்காட்டியும் பரவாயில்லை. அது எனக்குக் காணும்."

எதிரே வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு வேறு பாதையால் போனது.

மாமி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "பாவம், அவருக்கும் அப்பிடியோ?" என்று அந்தப் பிள்ளையைத்தான் கேட்டார். அதற்குள் மனைவி ஐஸ்கிரீமோடு வந்துவிட்டாள். மாமியும் நானும் அவரவர் வாங்குக்குத் திரும்பினோம்.

பனி கொட்டத் தொடங்குமுன் மாமி ஊருக்குப் போய்விட்டார். நாலு பேரைச் சிரிக்க வைக்கிற வாய்தான் எனக்கு. ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தனித்துக் கிடந்தோம் என்பதைச் சொல்ல ஒரு கல் தேவைப்பட்டதே என்று, வெறும் வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு மத்தியானமும் நினைத்துக்கொள்கிறேன்.