பூட்டுக்காரர் புல்வெளியைப் பூட்டிய கதை

எங்கள் தெருமுனைப் பூட்டுக்காரருக்குத் திறந்த கதவைக் கண்டால் ஆகாது. யார் வீட்டுக் கதவானாலும் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஒருமுறை மச்சினன் குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியே கொண்டி போட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் விடுதலையான மச்சினன், "அத்தான், இந்தக் கை ஒருநாள் உங்களுக்கே வேட்டு வைக்கும், பாருங்க" என்று வாயார வாழ்த்தினான்.

ரத்தத்தில் சர்க்கரை ஏறியதால் டாக்டர் நடக்கச் சொன்னார். ஞாயிறு காலை, மனைவியோடு ஊருக்கு வெளியே போனார். மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கேட் ஆவென்று திறந்து கிடந்தது. வெளியே, வேலியோரம் ஒரு கன்றுக்குட்டி நின்றது. நம்மவர் கன்றைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்தார்.

"என்ன பொறுப்பில்லாத ஜனங்க!"

மனைவியோடு உள்ளே நுழைந்து, கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சொந்தப் பூட்டையும் போட்டு இழுத்துப் பார்த்தார்.

"ஊரான் கேட்டுக்கு உங்க பூட்டு எதுக்குங்க?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

வெளியே கன்று 'ம்மா' என்றது. பாதுகாப்பு அத்தோடு முடிந்தது.

மேய்ந்துகொண்டிருந்த செவலைப் பசு ஒன்று தலை தூக்கியது. கன்றைப் பார்த்தது. கேட்டைப் பார்த்தது. பூட்டுக்காரரைப் பார்த்தது. விசாரணை அவ்வளவுதான், தீர்ப்பு நாலுகால் பாய்ச்சலில் வந்தது.

முதல் முட்டிலேயே விலா எலும்பு சுள்ளிபோல் முறிந்த சத்தம் மனைவிக்குக் கேட்டது. விழுந்தவரை நெற்றியால் அழுத்தித் தரையோடு தேய்த்தது. எழ முயன்றவரைக் கொம்பில் வாங்கி வீசியது. ஒரு காது பாதி கிழிந்து தொங்கியது. வாய் நிறைய ரத்தமும் புல்லும். தொடைமேல் குளம்பு இறங்கியபோது அவர் போட்ட அலறலில் மற்ற மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு மரியாதையாக வேடிக்கை பார்த்தன.

மனைவி குடையால் பசுவின் முதுகில் ஓங்கி அடித்தாள். குடைதான் உடைந்தது. அப்போதுதான் கன்று மறுபடி கத்தியது, அவளுக்கு விளங்கிவிட்டது.

"கன்னுக்குட்டிய வெளிய வச்சுப் பூட்டிட்டீங்களே! சாவி எங்க?"

"பேண்ட்… பாக்கெட்ல…"

பேண்ட் பசுவுக்கு அடியில் இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சாவியையும் கையோடு வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். அடுத்த முட்டுக்கு முன் எப்படியோ சாவியை உருவி அவளிடம் எறிந்தார்.

"திரும்ப மாட்டேங்குதே!" என்று கேட்டருகே அவள் கதறினாள்.

"அமுக்கி… இடது பக்கம்… அது என் ஸ்பெஷல் பூட்டு…"

"சாகும்போதும் விளம்பரமா?"

அமுக்கித் திருப்பினாள். கேட் திறந்தது, கன்று உள்ளே ஓடியது. அவர் நெஞ்சுக்கு மேல் தூக்கிய குளம்பைப் பசு பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, கன்றை நக்கப் போயிற்று.

வெளியே இழுத்து வரப்பட்டவர் வீங்காத ஒரு கண்ணைத் திறந்தார்.

"கேட்ட… சாத்தும்மா."

அவள் சாத்தினாள். பூட்டை மட்டும் தூக்கிப் பக்கத்துக் குட்டையில் எறிந்தாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் கழுத்திலிருந்து கால்வரை கட்டோடு, வாசலைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். நேற்று மச்சினன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். உடம்பை அன்பாக விசாரித்தான்.

"வரேன் அத்தான். நல்லா ரெஸ்ட் எடுங்க."

போகும்போது அறைக் கதவை விரியத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனான்.