நான் சிக்கிமில் இருந்த ஏழு வாரங்கள்

முதுகில் மாட்டும் பையை மும்பையில் ‘சேக்’ என்பார்கள். தாராவியில் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் அந்த சேக்குகளைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊர் சுற்றுகிற முதுகுகளுக்காக எத்தனை தைத்தேனோ, நினைவில்லை. முப்பத்துநாலாவது வயதில் ஒன்றை எனக்கென்று தைத்து, உள்ளே மூன்று ரகசிய ஜிப் வைத்து, மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு வருடம், தனியாக, ஒரு நாளைக்கு ஐந்நூறு ரூபாய் என்பது திட்டம்.

வீடும் தாராவியில்தான். அம்மா, அண்ணன், மதினி. அண்ணனுக்கு எங்கள் தெருவிலேயே மளிகைக் கடை. கல்லாவில் உட்கார நம்பகமான ஆள் தேடிக்கொண்டிருந்தான். சம்பளம் கேட்காத ஆளாக இருந்தால் இன்னும் விசேஷம். அந்த ஸ்டூலுக்கு என்னைத்தான் அளவெடுத்து வைத்திருந்தான். நான் ஊர் சுற்றப் போகிறேன் என்றதும் பந்தயம் கட்டினான்.

“ஒரு வருசத்த முழுசா முடிச்சிட்டு வா. பெறகு ஒன் இஷ்டம், நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒரு நா கொறஞ்சு பம்பாய்க்குள்ள காலு வச்ச, மறுநா காலையில கல்லாவுல உக்காரணும். சாவுத வரைக்கும்.”

“யாரு சாவுத வரைக்கும்?”

“நம்ம ரெண்டு பேருல யாரு முந்துதமோ, அது வரைக்கும்.”

கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அம்மா சாட்சி. வெங்காயம் உரித்துக்கொண்டே சாட்சியாக இருந்தாள்.

தனியாகப் போனால் செலவு குறையும் என்று நம்பியிருந்தேன். அப்படி ஒரு பொய் வேறு கிடையாது. ஒருத்தி படுத்தாலும் இருவர் படுத்தாலும் அறைக்கு ஒரே வாடகை. ஆட்டோவில் மூன்று பேர் இடத்தில் என் சேக் மட்டும் சொகுசாகச் சாய்ந்து வரும், காசு முழுசாகக் கொடுக்க வேண்டும். தர்மசாலைகளில் தனிப்பெண் என்றால் அறையே இல்லை என்பார்கள். “கணவர் பின்னால் வருகிறார்” என்று நான்கு ஊர்களில் சொல்லிப் படுத்தேன். நான்கு ஊரிலும் அந்த மனிதர் வந்து சேரவில்லை. இமாச்சலில் ஒரு லாட்ஜ்காரர் வாடகையைக் குறைக்கவே மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு இந்தியில் அவர் சொன்ன காரணத்தை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: “ரெண்டு பேராக வந்தால் அவர்களே பேசிக்கொள்வார்கள். ஒருத்தர் வந்தால் நாங்களல்லவா உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்குப் பேச்சு இல்லாவிட்டால் சோறு இறங்காது. காசு குறைந்த நாட்களில் குருத்வாராவில் சாப்பிட்டேன். பிறகு தட்டுக் கழுவும் இடத்தில் போய் நின்றுகொள்வேன். கடன் தீர்க்க மட்டுமில்லை, அங்கே பக்கத்தில் நிற்கிற பெண்கள் நன்றாகக் கதை சொல்வார்கள். ஆனால் தமிழ்? ஐந்தாவது மாதம் ஒரு மலைக் கிராமத்தில் ஒரு நாயிடம் தாராளமாகத் திருநெல்வேலித் தமிழ் பேசினேன். அது இரண்டு நாள் என் பின்னாலேயே சுற்றியது. அதனிடம் அதுவரை யாரும் அவ்வளவு நேரம் பேசியதில்லை போலிருக்கிறது. என் பிறந்தநாளன்று வேறு வேலையில்லாமல் துணி துவைத்துப் போட்டேன். கொடி முழுக்க ஒருத்தியின் துணி மட்டும் காய்வதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. வேறு யாருடைய துண்டாவது ஒன்று நடுவில் கிடந்திருந்தால் அழுதிருக்க மாட்டேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

எட்டாவது மாதம் வறுத்த பட்டாணியைக் கடித்தேன். கடைவாய்ப் பல் பிளந்தது. இரண்டு தடவை பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து எழுந்ததில் ஒன்றரை மாதத்துப் பயணம் அவர் மேஜைக்குப் போய்விட்டது. ஏற்கெனவே திட்டத்தை மீறிச் செலவாகியிருந்ததால், கையில் மிச்சம் பத்து நாளுக்குத்தான் வரும். அண்ணனிடம் கேட்டால் ‘திரும்பி வா’ என்பான், அன்றே பந்தயம் முடிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தையல். போன அன்றே மிஷினில் உட்கார வைத்து வாரக் கூலி கொடுக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து மும்பையில்தான் இருந்தார்கள்.

ஆகவே இப்படி ஒரு முடிவெடுத்தேன். வீட்டுக்குப் போன் செய்து, “சிக்கிம் போறேன், அங்க டவர் சரியாக் கிடைக்காது” என்றேன். பிறகு டெல்லியிலிருந்து ஜெனரல் பெட்டியில் ஏறி மும்பைக்கு வந்தேன்.

தாராவிக்குப் பக்கத்தில் இருக்கிற தாதர் வரை வரத் தைரியமில்லை. கல்யாணிலேயே இறங்கி, துப்பட்டாவால் கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றிக்கொண்டு, ஸ்லோ லோக்கல் பிடித்து, குர்லாவில் ஹார்பர் லைன் மாறினேன். செம்பூரில் ஐந்து பெண்கள் தங்கியிருந்த அறையில் ஆறாவது கட்டில் கிடைத்தது. இரண்டு ஸ்டேஷன் தள்ளி மான்குர்தில் ஒரு பட்டறை, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. ஏழு வாரம் தைத்தால் மிச்சமிருக்கும் மாதங்களுக்குத் தாங்கும். பிறகு நிஜமாகவே சிக்கிம் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

போனில் இருந்த இமாச்சல் படங்களை நாளுக்கு ஒன்று வீதம் சிக்கிம் என்று வீட்டுக்கு அனுப்பினேன். மலைக்கு நெற்றியில் பேரா எழுதியிருக்கிறது?

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மலையில் இருந்தபோது வீடு இரண்டு நாள் ரயில் தூரம். அது ஒரு வகையில் நிம்மதி. செம்பூரில் வீட்டுக்குப் போகிற பஸ் என் எதிரிலேயே வந்து நின்று, கதவைத் திறந்து, நான் ஏறவில்லை என்று தெரிந்ததும் கிளம்பிப் போனது. தினமும் போனது. ஒரு நாள் ஏறிவிட்டேன். தாராவிக்கு முந்தின சயான் வருவதற்குள் இறங்கித் திரும்பி நடந்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் நடந்த ஆகக் கடினமான நடை அதுதான். மலைப் பாதை எதுவும் அதற்கு ஈடில்லை.

ஒன்பதாவது நாள் காலை ஏழு மணிக்கு, அறைக்குக் கீழே ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹார்ன் கேட்டது. இட்லிக்காரர். சைக்கிளில் பெரிய அலுமினியப் பாத்திரம். பசியில் தூக்கம் கலையாமலே இறங்கி ஓடினேன். மும்பையில் எந்தச் சந்தில் இட்லி வந்தாலும் அது தாராவியில் வெந்து வந்திருக்கும். அதிகாலையில் சைக்கிள் சைக்கிளாகக் கிளம்பி ஊர் முழுக்கப் பரவுவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒளிந்துகொள்ள இடம் தேடியபோது அது மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

அவர் எங்கள் தெருக்காரர். மூன்று வீடு தள்ளி. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு, “பய்யா, சார் இட்லி தேதோ” என்று நான்கு இட்லி கேட்டேன். அவரும் இந்தியிலேயே, “சட்னி ஜாஸ்தி?” என்று கேட்டார். “ஹாங்” என்றேன். திருநெல்வேலிக்காரர்கள் இருவர் நடுத்தெருவில் நின்று அவ்வளவு மோசமான இந்தி பேசிய காட்சியை யாராவது படம் எடுத்திருக்க வேண்டும்.

பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவர் மெல்லத் தமிழுக்கு வந்தார். “சிக்கிம்ல இட்லி கெடைக்கலியோ பிள்ள?”

“அண்ணாச்சி! ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். யார்ட்டயும் சொல்லிராதிய.”

“நான் யாரையும் பாக்கவே இல்லயே. யாரு நீ?” என்று சொல்லி, ஹார்னை இரண்டு தடவை அமுக்கிவிட்டுப் போனார். என்ன மனிதர் என்று நெகிழ்ந்து போனேன்.

அன்று மாலையிலிருந்து அம்மாவின் போன் வேறு மாதிரியாக மாறியது.

“பனி விழுதாட்டி?”

“ஆமாம்மா. முட்டளவு கெடக்கு.”

“ரெண்டு ஸ்வெட்டரு போடு. போட்டியா?”

மே மாதம். வியர்வை காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. “போட்டுட்டேம்மா.”

“என்னட்டி கடகடன்னு சத்தம்? ஃபேனு ஓடுத மாதிரி இருக்கு?”

“மலைக்காத்தும்மா.”

“காத்துக்கு மூணு ரெக்க இருக்கும் போலுக்கே.”

மறுநாள் இன்னும் ஒரு படி மேலே போனாள். “அங்க மாடெல்லாம் சடை வளத்திருக்குமாம்லா? ஒண்ண கிட்டக்க வச்சு கத்தச் சொல்லு, கேப்போம்.”

“இப்ப பக்கத்துல மாடு இல்லம்மா.”

“தேடு. நான் லைன்லயே இருக்கேன்.”

வேறு வழியில்லாமல் நானே கத்தினேன். கட்டில்களில் இருந்த ஐந்து பெண்களும் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அம்மா முழுசும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “பாவம், குளுருல மாட்டுக்குத் தொண்ட கட்டிட்டு” என்றாள்.

இப்படிப் பத்து நாள் என்னை வறுத்தெடுத்தபின் ஒரு சாயங்காலம் கேட்டாள்: “சரி, போதும். செம்பூர்ல நீ படுக்குத கட்டுலு மூட்டப்பூச்சி இல்லாம இருக்கா?”

“அண்ணாச்சி யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னாரே...”

“எங்கிட்டயும் அதச் சொல்லித்தான் ஆரம்பிச்சாரு.”

“அண்ணனுக்கு?”

“தெரியாது. தெரியாம இருக்கணும்னா நீ எனக்கு ஒண்ணு செய்யணும். ஒரு நா என்னைய மாட்டுங்கா ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போ. எவனோ தோச சுடணும், எவனோ கொண்டாந்து வைக்கணும், நான் உக்காந்து திங்கணும். நாப்பது வருசமா நாந்தாம்டி நின்னுக்கிட்டே சுடுதேன்.”

சாட்சியே லஞ்சம் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது? அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, கண்ணாஸ்பத்திரிக்குப் போவதாக மதினியிடம் சொல்லிவிட்டு, அம்மா மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறோம். கட்டிப் பிடிக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள், “கறுத்துட்ட. சிக்கிம்ல வெயிலு சாஸ்தி போல” என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தவள் ஹோட்டல் வரை விடவேயில்லை.

அந்த மாதிரிப் பழைய மாட்டுங்கா ஹோட்டல்களில் மேஜை உங்களுடையது இல்லை. ஒரு நாற்காலி காலியாக இருந்தால் தனியாக வருகிறவரைக் கொண்டுவந்து அதில் சொருகிவிடுவார்கள். நாங்கள் ரவா தோசை சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா சர்வரை ராணி மாதிரிக் கூப்பிட்டு, “தண்ணி இன்னும் கொஞ்சம்” என்று காரணமே இல்லாமல் வாங்கிக் குடித்தாள். அப்போது சர்வர் வாசலைப் பார்த்து, “ஏக் ஆத்மி? இதர், இதர்!” என்று தனியாக வந்த யாரையோ எங்கள் பக்கம் கூப்பிட்டார்.

எங்கள் மேஜையின் மூன்றாவது நாற்காலியில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஒரு நெய் ரோஸ்ட். அன்னாசி ஷீரா ரெண்டு. ரெண்டும் எனக்குத்தான்” என்றார்.

குரலைக் கேட்டதும் என் கை துப்பட்டாவைத் தேடியது. அண்ணன்.

தலையைத் தூக்கினான். என்னைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“நீ சிக்கிம்லல்லா இருக்க?”

என் பேச்சு மொத்தமும் அந்த நாயோடு போய்விட்டது போல.

“எம்மா, நீ கண்ணாஸ்பத்திரிக்குல்லா போன?”

“ஏல, போகல. அதான் கண்ணு நல்லாத் தெரியுதே. நீ வந்து உக்காந்ததக்கூட பாத்துட்டேன்” என்றாள் அம்மா.

அவன் என் பக்கம் திரும்பினான். “பம்பாய்க்குள்ள காலு வச்சாச்சு. பந்தயம் முடிஞ்சுது. நாளைக்கு எட்டு மணிக்குக் கடைக்கு வந்துரு.” சிரிக்காமல்தான் சொன்னான். விளையாட்டுக்குச் சொன்னால் அவன் மூக்கு விரியும். அன்று விரியவில்லை. எட்டு மாதம் தனியாகக் கடந்து வந்ததெல்லாம் அந்த ஒரு நாற்காலியில் வந்து முட்டி நின்றதே என்று எனக்குக் கண் கலங்கியது. போய்ப் பார்க்காத மலைகள் அத்தனையும் ஒரு பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் சர்வர் இரண்டு கிண்ணம் ஷீராவைக் கொண்டுவந்து வைத்தார். நம் ஊர்க் கேசரி மாதிரி மேலே நெய் மினுமினுத்தது. அம்மா அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“காலையில ஒம் பொண்டாட்டி ஒன் வெரல்ல குத்திப் பாத்தாளே, சுகரு எவ்வளவு காட்டிச்சு?”

அவன் கிண்ணங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“கேப்பக் கூழக் கரைச்சுக் கொடுத்து, வாஷி மார்க்கெட்டுக்குல்லா அனுப்பி வச்சா?”

அண்ணன் கரண்டியைக் கையில் எடுத்தவன் அப்படியே வைத்திருந்தான்.

“அண்ணே” என்றேன், “வாஷியில இன்னைக்கு வெங்காயம் என்ன வெல?”

என்னை முறைத்தான். ஷீராவைப் பார்த்தான். மூக்கு கொஞ்சம் கொஞ்சமாக விரியத் தொடங்கியது.

“ஏறிட்டு” என்றான். “சிக்கிம்ல குளுரு எப்படி?”

“பல்லு தந்தி அடிக்கி.”

“எப்ப மேல போற?”

“இன்னும் நாலு வாரத்துல. இங்க தையல் முடிஞ்சதும்.”

“வருசம் முடியுத வரைக்கும் கடப் பக்கம் தலை தெரியக் கூடாது. நான் ஒன்னப் பாக்கல.”

“நானும் ஒன்னப் பாக்கலண்ணே.”

அண்ணன் குனிந்து ஷீராவில் கரண்டியை இறக்கினான். அம்மா ரவா தோசையின் கடைசித் துண்டை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் ரெண்டு பேரையும் பாத்துட்டேன்லா” என்றாள். “ஏல, எனக்கு ஒரு காப்பி சொல்லு. பெரிய டம்ளர்ல.”