கல்லில் வரைந்த வாழையிலை

எல்லாம் ஒரு விரலில்தான் ஆரம்பித்தது.

ரயிலடிக்கு எதிர்த்த ரோட்டில் பிள்ளை ஐயாவின் சைவாள் காபி கிளப். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். ராமேசுவரம் போகிற வழியில் மீனாட்சியைத் தரிசிக்க இறங்கிய வடக்கத்திக் குடும்பம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. சப்ளையர் மூச்சு விடாமல், "இட்லி தோசை வடை பொங்கல் பூரி கேசரி" என்று ஒப்பித்தார். அந்தக் குடும்பத்துத் தலைப்பாகைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து மேஜை மேஜையாக நடந்தார். ஒருவர் இலையில் பொங்கலைக் கண்டதும் விரலை நீட்டினார். விரல் இலைக்கு மேலேயே வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

"ஏய்யா, என் இலையில எதுக்குய்யா கைய நீட்டுறீரு?"

"அவருக்குச் சொல்லத் தெரியலண்ணே, அதான் காட்டுறாரு," என்றார் சப்ளையர்.

"காட்டுறதுக்கு என் பொங்கல்தான் கெடச்சுச்சா?"

கிளப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பொங்கலைப் படமாகப் போட்டு மேஜையில் வைத்தால் அந்த விரல் படத்தின்மேல் போயிருக்குமே! மிச்சக் காபியை மறந்துவிட்டு அச்சகத்துக்கு ஓடினேன்.

ஒரே ஒரு கல்

அப்போது நான் மேலமாசி வீதியில், கல்லில் படம் வரைந்து அச்சடிக்கிற ஒரு கல் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டிராயிங் பரீட்சையும் எழுதியவன். குமாஸ்தா வேலைக்குப் போகச் சொல்லி அப்பா சலித்துப்போயிருந்தார். அச்சகத்தில் எனக்குக் கொடுத்த வேலையோ தீப்பெட்டி லேபிளுக்கு ஓரக் கரை வரைவது. பூ, கொடி, மறுபடியும் பூ. கை பரபரத்துக்கொண்டிருந்தது.

அச்சக முதலாளி வேலு அண்ணனிடம் யோசனையைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலகாரத்துக்குப் படமா? ஏன்டா, இட்லி எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல எவனுக்குடா தெரியாது?"

"நம்ம ஊருக்காரனுக்கு இல்லண்ணே."

பிள்ளை ஐயா சித்திரைத் திருவிழாவுக்குள் மாடி ஹாலைத் திறக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். அவரிடமும் ஓடினேன். "கூட்டம் வாரப்போ நல்லாத்தான் இருக்கும். போட்டுக் குடு பாப்போம்," என்றார். வேலு அண்ணன் அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார். இரண்டு நிபந்தனை. கலருக்கு ஒரு கல்லாகப் பல கல் கேட்கக்கூடாது. ஒரே கல்லில் கறுப்புக் கோடு மட்டும் அச்சடித்து, வர்ணத்தைக் கையால் தீட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது: "இது சொதப்புச்சு, அப்புறம் சாகுற வரைக்கும் ஒனக்குத் தீப்பெட்டி லேபிளுதான் மாப்ள. புதுசா யோசிச்சேன்னு எங்கிட்ட வரக்கூடாது."

சரி என்றேன். என் நிலையில் வேறென்ன சொல்வது?

வெள்ளைமேல் வெள்ளை

முதலில் மல்லுக்கு நின்றது இட்லி. வெள்ளைத் தாளில் வெள்ளை இட்லியை எப்படித் தெரிய வைப்பது? சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் சோழி மாதிரி இருந்தது. நிழல் கொடுத்தால் நேற்றைய இட்லி மாதிரி இருந்தது. கடைசியில் பின்னால் ஒரு வாழையிலையைப் போட்டுப் பச்சையடித்துப் பார்த்தேன். இட்லி ஆவி பறக்கிற மாதிரி எழுந்து நின்றது! அட்டை முழுவதும் ஒரே பெரிய தலைவாழை இலை, அதன்மேல் பலகாரங்கள், ஒவ்வொன்றின் கீழும் பெயர் என்று முடிவு செய்தேன்.

கல்லில் நேரே வரைந்தால் அச்சில் இடம் வலமாக விழும். அதனால் பெயர்களையெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திருப்பி எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அச்சும் ஆயிற்று. எழுத்து முத்து முத்தாக விழுந்திருந்தது. வேலு அண்ணன்கூடத் தலையை ஆட்டினார். அடுத்த வேலைக்காக அந்தக் கல்லைத் தேய்த்துச் சுத்தமும் செய்துவிட்டார்கள்.

மாடி ஹால் திறப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிள்ளை ஐயா அட்டையைப் பார்க்க வந்தார். நான் வர்ணம் தீட்டி முடித்திருந்த மாதிரி அட்டையை ஆசையாக நீட்டினேன். வாங்கியவர் முகம் சுருங்கிவிட்டது.

"யார் வீட்டு எளவுக்குத் தம்பி எல போட்டிருக்க?"

எனக்கு விளங்கவில்லை.

"நுனி எந்தப் பக்கம் இருக்கு பாரு. சோத்தாங்கைப் பக்கம்! நல்ல காரியத்துக்கு ஹாலத் தொறக்குறேன், வந்து ஒக்காருறவன் முன்னாடி இதையா வைக்கச் சொல்ற?"

நுனி இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? இடது பக்கம்தான் வரைந்தேன், கல்லில். எழுத்தைத் திருப்பி எழுதினேனே தவிர, இலையைத் திருப்பி வரையவில்லை. இட்லியைத் திருப்பினாலும் இட்லி, வடையைத் திருப்பினாலும் வடை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. பரிமாறுகிற கை ஒன்று வரையலாமா என்று முதலில் நினைத்திருந்தேன். வரைந்திருந்தால் இடது கையால் பரிமாறியிருப்பேன்!

வேலு அண்ணன் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "எதுத்தாப்ல நிக்கிற சப்ளையருக்குச் சரியாத்தான் இருக்கு," என்றார். பிள்ளை ஐயா சிரிக்கவில்லை. வேலு அண்ணன் என் பக்கம் திரும்பி, தீப்பெட்டி லேபிள் கட்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார்.

இலையை எடுத்துவிட்டால் இட்லி தெரியாது. புதிதாக வரையக் கல்லும் இல்லை, நாளும் இல்லை. வர்ணம் தீட்டாத அட்டை ஒன்றையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று தோன்றியது.

"ஐயா, நம்ம கிளப்புல ரெண்டு இட்லிக்குத் தலைவாழ எலையா போடுறீக?"

"அதுக்கு யாருய்யா தலைவாழ போடுவா? சாப்பாட்டுக்குத்தான் அது. பலகாரத்துக்கு நறுக்கின ஏடுதான்."

தூரிகையைப் பச்சையில் தோய்த்தேன். நுனியின் கோட்டுக்கு வெளியே, இருபுறமும் காலியாக இருந்த தாளில் தைரியமாக இழுத்து, முனையைக் கத்தியால் நறுக்கினாற்போல் நேராக முடித்தேன். வளைந்து ஓடிய நுனிக்கோடுகள் இரண்டும் பச்சைக்குள் போய் இலை நரம்பாகிவிட்டன. இப்போது அது நுனியில்லாத ஏடு. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் குற்றமில்லை.

பிள்ளை ஐயா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதாம்ப்பா எங்க கிளப்பு எல. மொதல்லயே இத வரஞ்சிருக்கலாம்ல? அம்புட்டு அட்டையும் வீணாப் போச்சுன்னு பயந்துட்டேன்."

வேலு அண்ணன் லேபிள் கட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எனக்கொரு பிரஷ்ஷக் குடு. நான் வடைக்கு அடிக்கிறேன்," என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வடையெல்லாம் கொஞ்சம் கருகித்தான் வந்தன.

அச்சகத் தொழிலுக்கு வர நினைக்கிற நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கல்லில் எதை வரைந்தாலும் அதைக் கண்ணாடியில் ஒருமுறை காட்டிப் பாருங்கள், எழுத்தை மட்டுமல்ல.

திறப்பன்று ஒரு வடக்கத்தி அம்மாள் கேசரிப் படத்தின்மேல் விரலை வைத்தாள். சப்ளையர் பேசாமல் போய்க் கேசரி கொண்டுவந்தார். அவ்வளவுதான் நடந்தது. எனக்கோ திருவிழா அன்றைக்கே வந்துவிட்டது போலிருந்தது.

இப்போது பிள்ளை ஐயா மத்தியானச் சாப்பாட்டுக்கும் அட்டை கேட்கிறார். சாம்பார், வற்றல் குழம்பு, ரசம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும். மூன்றும் பழுப்பு, ஆனால் மூன்று பழுப்பு. காலையில் கிளப்புக்குப் போய் மூன்றிலும் ஒரு கரண்டி வாங்கி, வர்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் பார்த்தேன். "தம்பி, ரசம் ஆறிப்போச்சு, திங்கப் போறியா, படம் போடப் போறியா?" என்று சப்ளையர் சத்தம் போட்டார். சிவப்பைத் தண்ணீராகக் கரைத்து, அதன்மேல் மஞ்சளை ஒரு கீற்று விட்டால் ரசம் வந்துவிடும் போலிருக்கிறது. எல்லா அட்டையிலும் அது ஒரே மாதிரி விழக் கையால் தீட்டினால் போதாது. வேலு அண்ணனிடம் இரண்டாவது கல் கேட்டிருக்கிறேன். "பாப்போம்" என்றிருக்கிறார்; அவர் வாயில் அது சம்மதம்தான். நாளைக் காலையில் மஞ்சளுக்குக் கல் தேய்க்கப் போகிறேன்.