மருந்தில்லை, பிள்ளை, சரக்குத்தூள்

பவளம் அக்காவைக் கொன்றவன் நான். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. இனிப் பிடிக்கப் போவதுமில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்... கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்!

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவில், ரொம்சோஸ் பக்கம், பலசரக்குக் கடை வைத்திருந்தேன். அரிசி, கருவாடு, ஒடியல் மாவோடு சென்னையிலிருந்து வரவழைத்த சலரோகப் பொடியும், அதாவது நீரிழிவுக்கான நாட்டு மருந்தும், விற்றேன். வெந்நீரில் கரைத்துக் குடித்தால் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கும். சனம் அடிபட்டு வாங்கியது.

மருந்து போல் வேலை செய்யும் எதையும் மருந்தாகவே கருதுவது இந்நாட்டுச் சட்டம்; அனுமதியின்றி விற்கக்கூடாது. அதற்கும் வழி கண்டேன். பொதிகளின் மேல் நோர்வேஜிய மொழியில் 'சரக்குத்தூள்' என்று அச்சடித்து ஒட்டுவித்தேன். கறிக்குப் போடும் மிளகு, சீரகம் என்று நினைத்துச் சுங்கக்காரர் விட்டுவிட்டார்கள். என் கெட்டித்தனத்தை என்னென்பது!

உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சென்னை வியாபாரி தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் இங்கிலீஷ் மருந்தும் கலக்குறோம் சார். அதான் சட்டுனு கேக்குது."

கேட்டேன். விற்றேன்.

கோவில் மண்டபத்தில் எழுந்து நின்று, "எங்கட வைத்தியத்தை வெள்ளைக்காரன் அழிக்கப் பாக்கிறான்!" என்று முழங்கவும் செய்தேன். பவளம் அக்காவும் கைதட்டினார்.

அவர் பக்கத்துப் பகுதியான புருசெத்தில் மகள் சுகந்தியோடு இருந்தவர். டொக்டர் கொடுத்த குளிசையோடு என் பொடியையும் குடித்து வந்தார். ஒருநாள் ரயில் நிலையத்தில் வியர்த்துக் கொட்டி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சுகந்தி அழைத்தாள்.

"மாமா, அம்மாவுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கீட்டுதாம். வேற மருந்து ஏதும் எடுக்கிறாவோ எண்டு கேக்கினம். உங்கட தூளைச் சொல்லட்டே?"

அப்போது உண்மையைச் சொல்லியிருந்தால்...! கடை போயிருக்கும், மானம் போயிருக்கும். அவ்வளவுதானே?

"அது மருந்தில்லை, பிள்ளை, சரக்குத்தூள். அதைப் போய் ஏன் சொல்லுறாய்?"

"ஓம் மாமா" என்றாள். சொல்லவில்லை.

வீடு திரும்பிய அக்கா மறுபடியும் பொடியைக் குடித்தார். பிறகு ஒருநாள் காலையில் எழும்பவேயில்லை.

மீதிப் பொதிகளை அன்றே குப்பையில் எறிந்தேன். துக்கத்தாலா? பயத்தால்!

இத்தோடு முடிந்திருந்தால்கூட... செத்த வீட்டில் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான் மாமா குளிசையை ரெண்டு தரம் குடுத்திட்டன் போல. டொக்டர்மாரும் அப்பிடித்தான் நினைக்கினம். என்ர கையாலேயே அம்மாவை..."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அழாதை பிள்ளை. தெரியாமல் செய்ததுதானே" என்றேன்.

என் பழியை அவள் தலையில் கட்டிவிட்டு, அதற்கு மன்னிப்பும் வழங்கினேன்! இப்படி ஒரு பிறவியை நீங்கள் கண்டதுண்டா?

இப்போது அவளுக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துப் போத்தலை அவள் தொடுவதேயில்லையாம். கணவன் வேலையால் வரும்வரை, அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாளாம். அவன்தான் சொன்னான்.

போன கிழமையும் வழியில் கண்டேன்.

"சுகமே மாமா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.